நெட் வேகமாக இருந்தும் நண்பரோடு ஆட முடியவில்லையா? கன்சோல், ரவுட்டர், நேட் வகை: ஓர் அறிமுகம்

கேம் கன்சோல் உள்ள வீடுகளில் அடிக்கடி எழும் புகார் ஒன்று உண்டு. 60 ஜிபி அளவுள்ள கேம் தடையில்லாமல் டவுன்லோட் ஆகிறது. அதே டிவியில் 4கே படம் ஒரு நொடி கூட நிற்காமல் ஓடுகிறது. ஆனால் நண்பர்களோடு சேர்ந்து ஆட உட்கார்ந்தால் மட்டும் லாபி (ஆட்டம் தொடங்கும் முன் ஆட்டக்காரர்கள் கூடும் இடம்) நிரம்புவதில்லை, அல்லது அழைப்பை ஏற்றதும் இணைக்க முடியவில்லை என்று திரையில் வருகிறது. நண்பர்கள் குழுவாகக் குரலில் பேசிக்கொள்ளும் பார்ட்டி சாட்டில் இது இன்னும் விசித்திரமாக வெளிப்படும். மூன்று பேர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு மற்ற இருவர் குரலும் தெளிவாகக் கேட்கும். அந்த இருவருக்கோ ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. இந்த நிலையில் பலரும் முதலில் செய்வது, இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டு 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300 ஆக உயர்த்துவதுதான். அந்தப் பணம் வீண். வெளியிலிருந்து வரும் தரவு உங்கள் கன்சோலைத் தேடி வந்து சேர வழி இருக்கிறதா என்பதே இங்கே கேள்வி. வேகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இதைப் புரிந்துகொள்ள, கன்சோல் ஏற்படுத்தும் இணைப்புகள் இரண்டு வகை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஒன்று, கேம் நிறுவனத்தின் சர்வரோடு கன்சோல் தானே போய் ஏற்படுத்திக்கொள்ளும் இணைப்பு. டவுன்லோட், ஸ்டோர், கணக்கில் உள்நுழைவது எல்லாம் இந்த வகை. ஃபோர்ட்நைட் போன்ற கேம்களில் ஆட்டமே நிறுவனத்தின் சர்வரில்தான் நடக்கிறது என்பதால், வீட்டு ரவுட்டர் கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் ஆட்டம் பெரும்பாலும் நடந்துவிடும். மற்றொன்று, உங்கள் கன்சோலும் வேறொருவர் வீட்டுக் கன்சோலும் இடையில் சர்வர் இல்லாமல் நேரடியாகப் பேசிக்கொள்ளும் இணைப்பு. ஜிடிஏ ஆன்லைன், நிண்டெண்டோவின் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் ஆகியவை பெருமளவு இந்த முறையை நம்பியிருக்கின்றன. ஒரே கன்சோலில் ஒரு கேம் நன்றாக ஓடி, இன்னொன்று மட்டும் தகராறு செய்வதற்கு இந்த வேறுபாடே பெரும்பாலும் காரணம்.

ரவுட்டர் உள்ளே என்ன நடக்கிறது

இணையத்தில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள ஐபிவி4 முறையில் மொத்தம் ஏறக்குறைய 429 கோடி முகவரிகளே சாத்தியம். உலகில் உள்ள போன், கணினி, டிவி எல்லாவற்றுக்கும் ஆளுக்கொன்று கொடுக்க இது போதாது என்பது 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அப்போது வந்த தற்காலிக ஏற்பாடுதான் நேட். ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு வெளி முகவரி. வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு 192.168 அல்லது 10 என்று தொடங்கும் உள் முகவரிகள். இரண்டுக்கும் இடையில் ரவுட்டர் மாற்றி எழுதிக் கொடுக்கும். 1994இல் முறையாக விவரிக்கப்பட்ட இந்தத் தற்காலிக ஏற்பாடு இன்றுவரை எல்லார் வீட்டிலும் நிலைத்துவிட்டது. உலக அளவில் பங்கிடுவதற்கு மிச்சமிருந்த ஐபிவி4 முகவரிகள் 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோயின.

இணையத்தில் தரவு பாக்கெட் எனும் சிறு பொட்டலங்களாகவே போகிறது. ஒரு பாக்கெட்டின் பயணத்தை அருகிலிருந்து பார்க்கலாம். உங்கள் கன்சோலின் உள் முகவரி 192.168.1.7 என்றும், ரவுட்டருக்குக் கிடைத்திருக்கும் வெளி முகவரி 203.0.113.25 என்றும் வைத்துக்கொள்வோம். (பின்னது உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியிலிருந்து எடுத்தது, யார் வீட்டு முகவரியும் அல்ல.) கன்சோல் 3074 என்ற போர்ட்டிலிருந்து (போர்ட் என்பது ஒரே கருவியில் நடக்கும் இணைப்புகளைப் பிரித்தறியும் எண்) ஒரு சர்வருக்கு, தரவு அனுப்பும் முறைகளில் ஒன்றான யூடிபியில் ஒரு பாக்கெட்டை அனுப்புகிறது. ரவுட்டர் அதை நிறுத்தி, அனுப்பியவர் இடத்தில் இருக்கும் 192.168.1.7 என்பதை நீக்கிவிட்டு 203.0.113.25 என்று எழுதுகிறது. போர்ட் எண்ணையும் தன் வசதிக்கேற்ப மாற்றி 40112 என்று போடலாம். கூடவே தன் நினைவகத்தில் உள்ள அட்டவணையில், வெளியே 40112 என்ற எண்ணுக்கு வருவது உள்ளே 192.168.1.7இன் 3074க்குப் போக வேண்டும் என்று ஒரு வரி குறித்துக்கொள்கிறது. சர்வரின் பதில் 40112க்கு வந்ததும் அந்த வரியைப் பார்த்துக் கன்சோலிடம் சேர்த்துவிடுகிறது. சிறிது நேரம் அந்த வழியில் போக்குவரத்து இல்லையென்றால் வரி அழிந்துவிடும். யூடிபியைப் பொறுத்தவரை பல ரவுட்டர்களில் இந்த அவகாசம் அரை நிமிடத்திலிருந்து சில நிமிடங்கள் வரைதான்.

இப்போது, முன்பின் தொடர்பில்லாத இன்னொரு வீட்டுக் கன்சோலிலிருந்து ஒரு பாக்கெட் வருகிறது. ரவுட்டர் அட்டவணையைப் பார்க்கிறது. பொருந்தும் வரி இல்லை. பாக்கெட்டைக் கீழே போட்டுவிடுகிறது. இதில் ரவுட்டரின் குற்றம் எதுவும் இல்லை. கேட்காமல் வருவதை உள்ளே விடக்கூடாது என்பதே வீட்டுக் கருவிகளுக்குப் பாதுகாப்பும்கூட. ஆனால் எதிர்வீட்டு ரவுட்டரும் இதையே செய்வதால், இரண்டு கன்சோல்களும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், இரண்டுக்கும் எதுவும் எட்டாது.

இந்த முட்டுக்கட்டையைத் தாண்ட கேம் நிறுவனங்கள் ஓர் உத்தியைக் கையாள்கின்றன. இரு கன்சோல்களும் முதலில் நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொள்கின்றன. இன்ன முகவரியிலிருந்து, இன்ன போர்ட்டிலிருந்து நீ வந்திருக்கிறாய் என்று சர்வர் ஒவ்வொன்றுக்கும் சொல்வதோடு, ஒன்றின் விவரத்தை மற்றதற்கும் கொடுக்கிறது. பிறகு இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒன்றை நோக்கி ஒன்று பாக்கெட் அனுப்புகின்றன. முதல் பாக்கெட் எதிர்ப்பக்க ரவுட்டரில் விழுந்து போகலாம். ஆனால் அதை அனுப்பியதாலேயே சொந்த ரவுட்டரின் அட்டவணையில் ஒரு வரி பதிவாகிவிட்டது. ஆகவே எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது, எதிர்பார்த்த பதிலைப் போல உள்ளே நுழைந்துவிடுகிறது. இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு: சர்வரோடு பேசும்போது கொடுத்த அதே 40112 என்ற எண்ணை, நண்பரின் கன்சோலோடு பேசும்போதும் ரவுட்டர் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு இலக்குக்கும் புதிய போர்ட் எண் கொடுக்கும் ரவுட்டராக இருந்தால், சர்வரிடமிருந்து நண்பர் அறிந்துகொண்ட எண் செல்லாக்காசாகிவிடும். கன்சோல் திரையில் ஸ்டிரிக்ட் என்றோ டைப் 3 என்றோ வருவதன் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

திரையில் தெரியும் வகைகள்

எக்ஸ்பாக்ஸில் ஓப்பன், மாடரேட், ஸ்டிரிக்ட் என்று மூன்று வகை. ஓப்பனில் இருப்பவர் எல்லாரோடும் சேரலாம். மாடரேட்டில் இருப்பவர் ஓப்பன், மாடரேட் இரண்டோடும் சேரலாம். ஸ்டிரிக்ட்டில் இருப்பவர் ஓப்பனோடு மட்டுமே சேர முடியும். முதலில் சொன்ன பார்ட்டி சாட் விசித்திரத்துக்கு விடை இதில் இருக்கிறது: மூவரில் ஒருவர் ஓப்பன், மற்ற இருவரும் ஸ்டிரிக்ட். பிளேஸ்டேஷனில் டைப் 1, 2, 3 என்று பெயர். டைப் 1 என்பது இடையில் ரவுட்டரே இல்லாமல் நேராக இணைத்திருப்பதைக் குறிக்கும். ரவுட்டர் உள்ள வீட்டில் டைப் 2 வந்துவிட்டாலே நல்ல நிலைதான். டைப் 1 வாங்கியே தீருவது என்று நாள்கணக்கில் மல்லுக்கட்டுபவர்கள் இருக்கிறார்கள், தேவையில்லாத வேலை. நிண்டெண்டோ ஸ்விட்ச் ஏ, பி, சி, டி, எஃப் என்று மதிப்பெண் போலக் காட்டும். ஏ, பி இருந்தால் கவலை இல்லை.

எக்ஸ்பாக்ஸில் செட்டிங்ஸ், ஜெனரல், நெட்வொர்க் செட்டிங்ஸ் என்று போனால் டெஸ்ட் நேட் டைப் இருக்கும். பிளேஸ்டேஷன் 5இல் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள், கனெக்ஷன் ஸ்டேட்டஸின் கீழ் இணையச் சோதனையை ஓட்டினால் நேட் டைப் தெரியும். ஸ்விட்சில் சிஸ்டம் செட்டிங்ஸில் இன்டர்நெட், பிறகு டெஸ்ட் கனெக்ஷன். இந்தச் சோதனையில் நேட் நல்ல நிலையில் இருப்பதாகத் தெரிந்தும் ஆட்டத்தில் லேக் அடித்தால், அதாவது ஆட்டம் தாமதித்துத் தாமதித்து நகர்ந்தால், அது வேறு நோய். பெரும்பாலும் வைஃபைதான் காரணம். லேன் கேபிள் ஒன்றைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். 2013இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4க்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை கிடையாது என்பதையும், பழைய ஸ்விட்சுக்கு லேன் வேண்டுமானால் டாக்கில் (டிவியோடு இணைக்கும் தாங்கியில்) யூஎஸ்பி அடாப்டர் செருக வேண்டும் என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம். அதேபோல, கன்சோலின் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். நேட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் கேபிளையும் வைஃபை பாஸ்வேர்டையும் பார்க்க வேண்டும்.

இடையில் எத்தனை நேட்?

என் கருத்தில், எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரே வேலை, கன்சோலுக்கும் இணையத்துக்கும் இடையில் எத்தனை இடத்தில் முகவரி மாற்றி எழுதப்படுகிறது என்று எண்ணுவதுதான். இதைச் செய்யாமல் போர்ட் திறப்பதில் இறங்குபவர்களே அதிகம் அவதிப்படுகிறார்கள். வழி எளியது. போன் அல்லது கணினியின் பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை இட வேண்டும். அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரியும் பாஸ்வேர்டும் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே போனதும் ஸ்டேட்டஸ் அல்லது இன்டர்நெட் என்ற பக்கத்தில் வான் ஐபி (WAN IP) என்று ஒரு வரி இருக்கும். ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்திருக்கும் முகவரி அது. அந்த முகவரியைக் குறித்துக்கொண்டு, உங்கள் ஐபி முகவரி என்ன என்று காட்டும் ஏதாவது ஓர் இணையதளத்தைத் திறந்து, அங்கே தெரிவதோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் இடையில் ஒரே நேட். அது உங்கள் ரவுட்டர். தீர்வும் உங்கள் கையில்.

வேறுபட்டால் வான் ஐபியின் தொடக்கத்தைப் பார்க்க வேண்டும். 192.168 என்று தொடங்கினால் உங்கள் ரவுட்டருக்கு மேலே வீட்டிலேயே இன்னொரு ரவுட்டர் இருக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி. 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனமே தன் பக்கத்தில் ஒரு பெரிய நேட் வைத்து நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே வெளி முகவரிக்குள் அடைத்திருக்கிறது. இந்த எண் தொகுதி 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 10 என்று தொடங்கினால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், ஏனென்றால் சில இணைய நிறுவனங்கள் அந்தத் தொகுதியையும் இதற்குப் பயன்படுத்துகின்றன.

வீட்டுக்குள்ளேயே இரண்டு நேட் எப்படி வருகிறது? ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் ஓஎன்டி பெட்டியே பெரும்பாலும் ஒரு முழு ரவுட்டர். அதன் வைஃபை படுக்கையறை வரை எட்டவில்லை என்று கடையிலிருந்து ஒரு ரவுட்டரை வாங்கி வந்து, அதன் வான் துளையில் கேபிளைச் செருகினால் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு நேட் ஆகிவிடுகிறது. கன்சோல் இரண்டாவதில் இருக்கிறது. அங்கே எத்தனை போர்ட் திறந்தாலும் முதல் பெட்டி வெளியிலிருந்து வருவதைத் தடுத்துவிடும். எக்ஸ்பாக்ஸ் இதைத் தானே கண்டறிந்து இரட்டை நேட் இருப்பதாக எச்சரிப்பதும் உண்டு. இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கடையில் வாங்கிய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுவது. அப்போது அது முகவரி மாற்றும் வேலையை விட்டுவிட்டு வைஃபையை மட்டும் பரப்பும். வீட்டில் சிறப்பான தேவை எதுவும் இல்லாதவர்களுக்கு இதுவே நல்லது என்பேன். ஒரு சொடுக்கில் முடியும், கெடுவதற்கும் அதிகம் இல்லை. இரண்டாவது, ஓஎன்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றி, சொந்த ரவுட்டரையே முழுப் பொறுப்பேற்கச் செய்வது. வாங்கியது நல்ல ரவுட்டராக இருந்தால் இது சிறந்த வழி, ஆனால் பல நிறுவனங்களின் ஓஎன்டியில் இந்த அமைப்பு பூட்டப்பட்டிருக்கும், வாடிக்கையாளர் சேவையில் கேட்டுத்தான் செய்ய வேண்டியிருக்கும். வீட்டுத் தொலைபேசியும் அதே பெட்டியில் இணைந்திருந்தால் அது நின்றுபோகாதா என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவது மிக எளியது: கன்சோலை மட்டும் நேராக ஓஎன்டியில் கேபிள் போட்டு இணைத்துவிடுவது.

யூபிஎன்பியும் போர்ட் திறப்பதும்

ஒரே நேட்தான் இருக்கிறது, ஆனாலும் ஸ்டிரிக்ட் என்று வருகிறது என்றால், ரவுட்டரில் யூபிஎன்பி என்ற அமைப்பு இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இன்ன போர்ட்டுக்கு வருவதை என்னிடம் அனுப்பு என்று கன்சோல் தானே ரவுட்டரிடம் கேட்டுப் பெறும் முறை இது. பெரும்பாலான வீடுகளில் இதை இயக்கியவுடன் சிக்கல் தீர்ந்துவிடும். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தும் பயனில்லையென்றால், அதை நிறுத்தி, சேமித்து, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, பிறகு மீண்டும் இயக்க வேண்டும். பழைய வரிகள் அட்டவணையில் சிக்கிக் கிடந்தால் அவை அழியும். கன்சோலையும் ரெஸ்ட் மோடில் விடாமல் முழுமையாக அணைக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸில் முன்பக்கப் பொத்தானை 10 வினாடி அழுத்திப் பிடித்தால் அது முழுதாக அணையும். பல ரவுட்டர்களில் யூபிஎன்பி பக்கத்திலேயே ஒரு பட்டியல் தெரியும். கன்சோலின் உள் முகவரி அதில் வந்துவிட்டால் கோரிக்கை ஏற்கப்பட்டது என்று அறியலாம்.

யூபிஎன்பி பாஸ்வேர்டு எதுவும் கேட்பதில்லை. வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும், அதில் புகுந்த தீங்கான நிரலும்கூட, போர்ட்டைத் திறந்துகொள்ள முடியும் என்பது உண்மை. இது பிடிக்காதவர்கள் அதை அணைத்துவிட்டுக் கையால் போர்ட் ஃபார்வர்டிங் செய்யலாம், அதாவது இன்ன போர்ட்டுக்கு வருவதைக் கன்சோலுக்கு அனுப்பு என்று ரவுட்டரில் நாமே எழுதி வைக்கலாம். முதலில் ரவுட்டரில் உள் முகவரிகளைப் பங்கிடும் டிஎச்சிபி பக்கத்தில் கன்சோலுக்கு மாறாத உள் முகவரி ஒன்றை ஒதுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் ஒரு வாரம் கழித்துக் கன்சோல் 192.168.1.9க்கு மாறியிருக்கும், திறந்த போர்ட்டோ பழைய 192.168.1.7ஐ, அதாவது யாரோ ஒருவர் போனை, நோக்கி இருக்கும். பிறகு திறக்க வேண்டிய போர்ட்டுகள்: எக்ஸ்பாக்ஸுக்கு 3074, யூடிபி, டிசிபி (இன்னொரு தரவு அனுப்பும் முறை) இரண்டிலும். பிளேஸ்டேஷனுக்கு டிசிபியில் 3478 முதல் 3480 வரை, யூடிபியில் 3478, 3479. சில கேம்களுக்குக் கூடுதல் எண்கள் உண்டு. அவற்றை அந்தந்த கேமின் உதவிப் பக்கத்தில் காணலாம். டிஎம்இசட் என்ற அமைப்பில் கன்சோலைப் போட்டால் எல்லாப் போர்ட்டும் ஒரே அடியாகத் திறந்துவிடும். சிக்கல் ரவுட்டரில்தானா என்று சோதித்துப் பார்க்க அரை மணி நேரம் அதைப் பயன்படுத்தலாம். நிரந்தரமாக விட்டு வைப்பதற்கு நான் சொல்லமாட்டேன். டிஎன்எஸ் எண்ணை 8.8.8.8 என்று மாற்றினால் நேட் சரியாகும் என்று பரவலாகச் சொல்லப்படுவதில் பொருளில்லை. டிஎன்எஸ் தளப் பெயருக்கு உரிய முகவரியைத் தேடித் தருவதோடு சரி. போர்ட்டுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

அண்ணன், தம்பி இருவருக்கும் ஆளுக்கொரு எக்ஸ்பாக்ஸ் உள்ள வீடுகளில் ஒரு தனிச் சிக்கல் வரும். இரண்டும் 3074ஐயே கேட்கும். முதலில் இயக்கப்பட்டதற்கு அது கிடைக்கும், மற்றது ஸ்டிரிக்ட்டில் நிற்கும். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் உள்ள ஆல்டர்நேட் போர்ட் செலக்ஷன் மூலம் ஒன்றுக்கு வேறு எண்ணைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது.

நேட் இணைய நிறுவனத்தின் பக்கம் இருந்தால்

வான் ஐபி 100.64 போன்ற தொகுதியில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன போர்ட் வேலைகள் எதுவும் பலிக்காது. உங்கள் ரவுட்டரில் திறந்தது உங்கள் வாசலைத்தான். நிறுவனத்தின் பெரிய நேட்டில் உங்களால் எதையும் மாற்ற முடியாது. ஆனாலும் உடனே சோர்ந்துவிட வேண்டியதில்லை. நிறுவனத்தின் நேட் போர்ட் எண்ணை மாற்றாமல் வைத்திருக்கும் வகையாக இருந்தால், மாடரேட் அல்லது டைப் 2 தானாகவே கிடைத்துவிடும். நண்பர்களோடு ஆட அதுவே போதும் என்றால் மேற்கொண்டு செலவு செய்ய வேண்டாம். இணைப்பில் ஐபிவி4க்கு அடுத்து வந்த முகவரி முறையான ஐபிவி6 கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதில் முகவரிக்குப் பஞ்சமில்லை என்பதால் நேட்டே தேவைப்படுவதில்லை. எக்ஸ்பாக்ஸ் ஐபிவி6 வழியாகவும் மற்றக் கன்சோல்களோடு பேசும். ரவுட்டரில் அதை அணைத்து வைத்திருந்தால் இயக்கிவிட்டு மீண்டும் சோதித்துப் பார்க்கலாம்.

அதுவும் கைகொடுக்கவில்லை என்றால் வாடிக்கையாளர் சேவையைத்தான் அழைக்க வேண்டும். அப்போது கேம் ஓடவில்லை என்று சொன்னால் எதிர்முனையில் வேகச் சோதனை செய்யச் சொல்லி, வேகம் சரியாக இருக்கிறது என்று புகாரை முடித்துவிடுவார்கள். எனக்குப் பொது ஐபி முகவரி வேண்டும், இப்போது வான் ஐபி 100.64 தொகுதியில் இருக்கிறது என்று கேட்பதே சரி. கன்சோலுக்கு உண்மையில் தேவைப்படுவது பொது முகவரி, அதாவது மற்ற வீடுகளோடு பகிராத வெளி முகவரிதான். அது என்றும் மாறாததாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் இந்திய நிறுவனங்கள் பலவற்றில் பொது முகவரி என்று தனியாக எதுவும் விற்கப்படுவதில்லை. ஸ்டாட்டிக் ஐபி (மாறாத முகவரி) என்ற பெயரில் கூடுதல் கட்டணத்தில்தான் கிடைக்கும் என்பதால் அந்தப் பெயரிலேயே கேட்க வேண்டியிருக்கும். கொடுத்துவிட்டோம் என்று அவர்கள் சொன்ன பிறகு ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, வான் ஐபியும் வெளித் தளம் காட்டும் முகவரியும் ஒன்றாகிவிட்டனவா என்று பார்த்துக்கொண்டு, அதன் பிறகு யூபிஎன்பியை இயக்கிக் கன்சோலில் நேட் சோதனையை மறுபடி ஓட்ட வேண்டும்.